முட்டை வண்டிக்கு எந்தப் பட்டை

வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு வந்து நின்ற அன்றைக்கே எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் போகும்போது கால் பிசகிய மாடு மாதிரி இடதுபக்கம் சாய்ந்துகொண்டு போன வண்டி. சாயங்காலம் திரும்பி வரும்போது முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் உயர்ந்து, குனிந்து தரையில் எதையோ தேடுகிற ஆளைப் போல நின்றது. என் கொழுந்தன் கதவைத் திறந்து குதித்து இறங்கினான்.

"பத்து வருசத்துக்குக் கவலையில்ல அண்ணி. லோடு வண்டிக்குப் போடற பட்டை. எச்சாவா இன்னொரு தகடும் சேத்து வெக்கச் சொல்லிட்டேன்" என்றான்.

நாங்கள் அப்போது முத்தியால்பேட்டையில் முட்டை மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தோம். நாமக்கல்லிலிருந்து லாரியில் வருகிற முட்டையைக் குடோனில் இறக்கி, எங்கள் பழைய வேனில் ஏற்றி, வடக்கே கனகசெட்டிக்குளம் வரைக்கும் கடை கடையாகப் போடுவோம். திரும்பி வரும்போது லாஸ்பேட்டை. கொள்முதலும் வசூலும் என் வீட்டுக்காரர். குடோன் என் பொறுப்பு. வண்டி ஓட்டுவது அவருடைய தம்பி. நான் வாக்கப்பட்டு வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். இப்போது மீசையும் செல்போனுமாக, வண்டி விஷயத்தில் யாரும் வாய் திறக்கக்கூடாது என்கிற ஆளாகியிருந்தான்.

அந்த வேன் முன்பு கடலூர்க்காரர் ஒருவரிடம் கல்யாணக் கோஷ்டிகளை ஏற்றிக்கொண்டு திரிந்த வண்டி. வாங்கியதும் சீட்டையெல்லாம் கழற்றிவிட்டோம். சீட்டு இருந்த இடத்தில் போல்ட் ஓட்டைகள் மட்டும் அப்படியே இருந்தன. முட்டை உடைந்தால் அந்த ஓட்டை வழியாகத்தான் கீழே ஒழுகும்.

பட்டை என்பது பின் அச்சுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வளைந்த இரும்புத் தகடுகள். வண்டி பள்ளத்தில் இறங்கினால் அந்த அடியை வாங்கிக்கொள்வது அதுதான். எங்கள் வண்டியில் இடதுபக்கப் பட்டையில் ஒன்று உடைந்திருந்தது. அதை மாற்றத்தான் அவனை அனுப்பினோம். அவன் இரண்டு பக்கமும் முழுசாக மாற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"பழசு எங்க?" என்று கேட்டேன்.

"பட்டறையிலயே போட்டுட்டு வந்துட்டேன். ஒடஞ்சத எடுத்தாந்து இன்னா பண்றது?"

துணி தைக்கக் கொடுத்தால் வெட்டுத்துண்டைக் கேட்டு வாங்கிவரும் வீட்டில் வளர்ந்தவள் நான். பழைய சாமான் வீடு திரும்பவில்லை என்றால் எனக்குச் சமாதானம் ஆகாது. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். பட்டை கறுகறுவென்று பளபளத்தது. விரலை வைத்தால் மை ஒட்டியது. புது இரும்புக்கு இவ்வளவு பெயின்ட் எதற்கு என்று நினைத்தேன். கேட்கவில்லை. பின்னால் நின்றுகொண்டிருந்த அவன் முகம் அவ்வளவு பெருமையாக இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து உடைசல் கூடியது.

முட்டை வியாபாரத்தில் உடைசல் இல்லாமல் இருக்காது. ஓடு உடைந்து ஒழுகினால் கழிவு. கீறல் மட்டும் விட்டிருந்தால் பேக்கரிக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். லாஸ்பேட்டையில் ஒரு பேக்கரி எங்களிடம் வாடிக்கையாக வாங்கும். கொழுந்தன்தான் போகிற வழியில் கொடுத்துவிட்டு வருவான். அதனால் எத்தனை உடைந்தது, எத்தனை கீறல் என்பதற்கெல்லாம் அவன் சொல்தான் சாட்சி. பட்டை மாற்றும்வரை இது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

இப்போது பட்டது. ஒவ்வொரு நாளும் கடைக்காரர்களுக்குக் குறைவாகவே போய்ச் சேர்ந்தது. பறவைக் காய்ச்சல் என்று டிவியில் சொல்லி, சனங்கள் முட்டையையே திருட்டுப் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்த காலம் வேறு. கடைக்காரர் ஒருவர் போன் போட்டு, "இன்னாம்மா, கோழிக்குத்தான் நோவுன்னாங்க, உங்க முட்டைக்குமா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் நாமக்கல்காரர்மீது பழிபோட்டார். "ஓடே மெலிசா அனுப்பறான். தீவனத்துல கை வெக்கிறானுங்க" என்றார். நான் அதையும் நம்பத் தயாராகத்தான் இருந்தேன். குடோன் விளக்கடியில் உட்கார்ந்து, வண்டியில் ஏற்றும் முன் ஒவ்வொரு அட்டையிலிருந்தும் முட்டைகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீறல் இருந்தால் ஓட்டுக்குள் வெள்ளை நூல் போலத் தெரியும். ஒன்றும் தெரியவில்லை. எங்கள் குடோன் படியைத் தாண்டும்வரை முட்டை முட்டையாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் அது கொழுந்தன் கையில்.

அதன்பிறகு அவன் செய்வதெல்லாம் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. சாயங்காலம் பேக்கரி பப்ஸ் வாங்கி வந்தால், ஏன் வாங்கி வந்தான்? குருசுக்குப்பத்து மீன்காரக் கூட்டாளி போன் செய்தால் ஏன் வாசலுக்குப் போய்ப் பேசுகிறான்? நல்ல முட்டையையே கீறல் என்று சொல்லிப் பேக்கரியில் தள்ளுகிறானோ? பட்டறைக்காரரும் பேக்கரிக்காரரும்கூட இவனோடு சேர்ந்தவர்களோ? ராத்திரி படுத்தால் மனசு ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்தது. வீட்டுக்காரரிடம் சொல்ல முடியாது. தம்பியைப் பற்றி அண்ணி சொன்னாள் என்றால் அது முட்டையோடு நிற்காது.

ஒரு திங்கட்கிழமை வண்டியில் அட்டைகளை அடுக்கி முடித்ததும், "நானும் வரேன்" என்றேன்.

"எங்க?"

"ஒரு நட போய்ப் பாக்கறேன். கடைக்காரங்கள நேர்ல பாத்து நாளாச்சி."

"சரி, முன்னாடி ஏறுங்க."

"இல்ல, பின்னாடி உக்காந்துக்கறேன். முட்டையப் பாத்துக்கினு வரலாம்."

அவன் முகம் மாறியது. "பின்னாடி வேணாம் அண்ணி. முடியாது உங்களால. தூக்கித் தூக்கிப் போடும்."

வேண்டாம் என்று அவன் சொன்ன வேகமே எனக்குப் போதுமானதாக இருந்தது. புடவையைச் செருகிக்கொண்டு பின்கதவு வழியாக ஏறி, ஒரு கோணியை மடித்துப் போட்டு, அட்டை அடுக்குகளுக்கும் சக்கரத்து மேட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அவன் கதவைச் சாத்திவிட்டுப் போய் ஏறினான்.

கோட்டக்குப்பம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியபோது வண்டி நன்றாகத்தான் போனது. முட்டை நிறைய இருந்தது. பாரம் அழுத்தியதால் பட்டை அடங்கிக் கிடந்தது. ஒரு அட்டையும் அசையவில்லை. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தேன். இன்றைக்கு நான் இருப்பதால் ஒழுங்காக ஓட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளைச்சாவடியில் கொஞ்சம் இறக்கினோம். காலாப்பட்டில் கல்லூரி விடுதிகளுக்கும் மெஸ்ஸுகளுக்கும் பெரிய பங்கு போனது. அங்கேயிருந்து கிளம்பினபோது வண்டி பாதி காலி. அடுத்த வேகத்தடை வந்தது. அவன் மெதுவாகத்தான் ஏற்றினான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், மாட்டுவண்டி வேகம்கூட இல்லை. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறியபோது யாரோ கீழேயிருந்து உதைத்தாற்போல இருந்தது. என் உடம்பு கோணியை விட்டு எழும்பி மறுபடி விழுந்தது. பல்லில் பல் இடித்தது. என் கண்ணெதிரே மேல் அட்டைகள் ஒரு சாண் எகிறி, 'சரக்' என்று உட்கார்ந்தன. அந்தச் சத்தம் முட்டை வியாபாரிக்குத் தெரியும்.

"அண்ணி!" என்று முன்னாலிருந்து குரல் கொடுத்தான்.

"ஒண்ணுமில்ல, போ."

கனகசெட்டிக்குளம் போய்ச் சேர்வதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. சின்னக் குழிக்கெல்லாம் வண்டி குதித்தது. முட்டை இறங்க இறங்க உதை கூடியது. திரும்பி வரும்போது, லாஸ்பேட்டைக்கான பங்கு மட்டும் மிச்சம் இருந்தபோது, உட்கார முடியாமல் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அடுக்கை அணைத்துக்கொண்டு வந்தேன். மஞ்சள் கரு என் முழங்கையில் வழிந்தது. அவன் ஒரு முட்டையையும் தொடவில்லை. ஒரு குழியிலும் வேகமாக விடவில்லை. அவ்வளவும் என் கண் முன்னால் தானாக உடைந்தது.

இருந்தாலும் பேக்கரி ஒன்று பாக்கி இருந்தது. சந்தேகத்தில் பாதியை விட்டாலும் மீதியை விட மனசு வரவில்லை.

பேக்கரிக்காரர் சொல்தா வீட்டு மனிதர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவராம், இங்கே அவர்களைச் சொல்தா என்போம். வெள்ளைச் சட்டையும் மாவுக் கையுமாக வெளியே வந்தவர், வேனிலிருந்து முட்டை பூசிய புடவையோடு நான் இறங்குவதைப் பார்த்துத் திகைத்துவிட்டார்.

"இன்னா மதாம், நீங்களே வந்துட்டீங்க?"

"கீறல் முட்ட எவ்ளோ வாங்கறீங்கன்னு கேக்கலாம்னுதான் வந்தேன்" என்றேன். சுற்றிவளைக்கும் தெம்பு எனக்கு இல்லை.

அவர் கொழுந்தனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நல்லதாப் போச்சி, நீங்களே கேட்டது. போதும் போதும்னு நானும் சொல்லிக்கினேதான் இருக்கேன். ஒரு நாளைக்கு எத்தினி கேக்குதான் போடறது? தம்பி கேக்க மாட்டேங்கறாரு. வெச்சிட்டுப் போயிடறாரு. அன்னைக்கு வேணவே வேணாம்னு திருப்பி அனுப்பிட்டேன்."

கொழுந்தன் தலை குனிந்து டயரைக் காலால் தட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது முன் சீட்டில் உட்கார்ந்தேன். ஏர்போர்ட் சுவர் ஓரமாக வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"இவரு திருப்பி அனுப்பனதெல்லாம் எங்க போச்சி?"

"குருசுக்குப்பத்துல கூட்டாளி வீட்ல குடுத்துட்டேன். அக்கம்பக்கம் குடுத்தாங்க. அவங்களும் வேணாம்னுட்டாங்க. தெனம் முட்டையா தின்னா மீன்காரங்களுக்கு எப்படி எறங்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். "பட்டைதான் காரணம்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும்" என்றான். "காலி வண்டிய எடுத்துக்கினு பட்டறையிலேர்ந்து வந்தேனில்ல, அப்பவே உதைச்சிது. லோடு ஏத்தனா சரியாயிடும்னு பட்டறைக்காரரு சொன்னாரு. ஏத்தனப்பவும் எறக்க எறக்க உதைச்சிது."

"அப்ப வந்து சொல்றதுக்கு இன்னா?"

"பத்து வருசம் கவலையில்லன்னு உங்ககிட்ட சொல்லிட்டேனே. எப்படி வந்து சொல்றது?" பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். "வெளக்குல முட்டையப் புடிச்சிப் பாத்தீங்களே அண்ணி, அன்னைக்கே தெரியும் எம்மேலதான் கண்ணுன்னு. என்னையே ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா சொல்லிருப்பியா?"

"மாட்டேன்தான்" என்று ஒப்புக்கொண்டான்.

அன்றைக்கு மத்தியானமே கடலூர் ரோட்டில் முதலியார்பேட்டை தாண்டி இருந்த அந்தப் பட்டறைக்கு இருவரும் போனோம். அவன்மீது இருந்த சந்தேகம் இறங்கியது. ஆனால் அது எங்கேயும் போய்விடவில்லை, பட்டறைக்காரர்மீது ஏறி உட்கார்ந்துகொண்டது. உடைந்தது ஒன்று என்றால் முழுசாக ஏன் கழற்றினார்?

பட்டறைக்காரர் வெற்றிலை போட்ட வாயோடு வரவேற்றார். "லோடு வண்டிக்கு அந்தப் பட்டைதாங்க. ஸ்ட்ராங்கா இருக்கும்."

"ஸ்ட்ராங்காத்தான் இருக்குது. எங்க முட்டை ஸ்ட்ராங்கா இல்லையே" என்றேன். "எங்க பழைய பட்டை எங்கங்க?"

"அதெல்லாம் அப்பவே எடைக்குப் போட்டாச்சி."

சொல்லும்போது அவர் கண் சுவரோரம் ஒரு தடவை போய் வந்தது. அங்கே கழற்றின பட்டைகள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாவற்றிலும் மசகும் மண்ணும். ஒரு ஜோடியில் மட்டும், தகடுகளைக் கட்டியிருந்த கவ்வியின்மேல், மஞ்சளாக ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன். இந்த வாசனையோடு பத்து வருடம் குடித்தனம் செய்தவள் நான்.

"இது யாரோடது?"

"அது... யாரோ வெச்சிட்டுப் போனது."

"முட்ட ஏத்தற வேற வேன் உங்ககிட்ட வருதா?"

அவர் வெற்றிலையைத் துப்பப் போனார். துப்பிவிட்டு வந்தபோது குரல் மாறியிருந்தது. "தம்பிதான் வேணாம்னு விட்டுட்டுப் போனாரு. வேணும்னா எடுத்துக்கினு போங்க. நான் இன்னா, தின்னவா போறேன்?"

அதுவும் உண்மைதான். வேண்டாம் என்று விட்டு வந்தது எங்கள் ஆள். ஆனால் எடைக்குப் போட்டாச்சு என்று அவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. வேறு யாருக்காவது அதை மாட்டி, புதுசு என்று சொல்லக் கறுப்பு பெயின்ட் டப்பா தயாராகத் திறந்து கிடந்தது. எங்கள் வண்டிக்கு வந்ததும் எந்த லாரியிலிருந்து கழற்றியதோ. அதைக் கேட்டேன், "புதுசுங்க, சத்தியமா" என்றார். நான் நம்பவில்லை. இன்றுவரை அதில் எனக்கு முடிவு கிடைக்கவில்லை.

பழையதைப் பிரித்துக் காட்டச் சொன்னோம். இடதுபக்கத்தில் மூன்றாவது தகடு ஒன்றுதான் உடைந்திருந்தது. மற்றவை வளைவு கெடாமல் இருந்தன. கொழுந்தன் உடைந்த தகட்டைக் கையில் எடுத்து, தடிமனையும் நீளத்தையும் விரலால் அளந்து பார்த்தான். "இதே தடிமன்ல ஒண்ணு போடுங்க. பழசையே மாட்டுங்க. எச்சா ஒண்ணும் வேணாம்" என்றான். அவன் வாயிலிருந்து அது வந்ததைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. புதுத் தகட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டாம், வெறும் இரும்பாகவே கொடுங்கள் என்று நான் சொன்னேன். பட்டறைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பட்டறையில் வேலை நடக்கும்போது, நெல்லித்தோப்பில் ஒரு சாமான் கடைக்குப் போனோம். ஷாக்கப்சரும் மாற்றினால்தான் குதிப்பு நிற்கும் என்று கொழுந்தன் சொன்னான். பட்டை ஒரு தடவை அமுங்கி எழுந்தால் அது திரும்பத் திரும்ப ஆடாமல் பிடித்து நிறுத்துவது ஷாக்கப்சர். எங்களுடையது எப்போதோ எண்ணெய் ஒழுகிச் செத்திருந்தது.

"வண்டி ஆளு ஏத்தறதா, லோடா?" என்று கடைக்காரர் கேட்டார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். ஏற்றுவது லோடு. ஆனால் வண்டி பிறந்தது ஆள் ஏற்ற. முட்டையை லோடு என்பதா, ஆள் என்பதா?

"ஆளு ஏத்தற வண்டிக்கே குடுங்க" என்றேன்.

பளபளக்கும் அட்டைப்பெட்டியை எடுத்து வைத்து, "கம்பெனி ஐட்டம்" என்றார். பெட்டி புதுசு. உள்ளே இருந்ததும் புதுசாகத்தான் தெரிந்தது. மேல்முனையில் போல்ட் நுழைகிற வளையத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஒருபக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்து மினுங்கியது. எந்த வண்டியிலும் ஏறாத சாமானுக்கு இந்தத் தேய்மானம் எப்படி வந்தது?

"இது ஏற்கெனவே ஓடியிருக்குதே" என்றேன்.

"இன்னாம்மா சொல்றீங்க, சீல் பிரிக்காத மால்!"

கொழுந்தன் வாங்கிப் பார்த்தான். தரையில் நிறுத்தி, உடம்புப் பாரத்தைப் போட்டு அமுக்கினான். விட்டதும் பட்டென்று மேலே வந்தது. "நல்லதுன்னா நிதானமா எழும்பணும். இது செத்தது" என்று திருப்பி வைத்துவிட்டான். கடைக்காரர் வாதாடவில்லை. உள்ளே போய் வேறு பெட்டி கொண்டுவந்தார். அதன் வளையம் சொரசொரவென்று இருந்தது. அமுக்கினால் கை வலித்தது. விட்டபோது, தூக்கத்திலிருந்து எழுகிறவனைப் போல மெதுவாக எழுந்தது. வளையத்தில் போடும் ரப்பர் புஷ்களையும் ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்து வாங்கினோம். முதல் பெட்டியைத் தெரியாமல் எடுத்தாரா, ஆளைப் பார்த்து எடுத்தாரா? அதை அவரிடம் கேட்டுப் பயனில்லை.

மறுநாள் மறுபடியும் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். கொழுந்தன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோணியை அவனே மடித்துப் போட்டான். காலாப்பட்டில் இறக்கிவிட்டுப் பாதி காலியாகக் கிளம்பி, அதே வேகத்தடையில் ஏறினோம். அடுக்கை அணைக்கக் கையை நீட்டினேன். வண்டி அமுங்கியது, எழுந்தது, நின்றது. அட்டைகள் லேசாகத் தலையாட்டிவிட்டு அடங்கின. முழு பாரத்தோடு கிளம்பும்போது மட்டும் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. பின்பக்க அடுக்கில் இனி ஒரு வரிசை குறைத்து ஏற்றுவதென்று முடிவு செய்தோம். லாஸ்பேட்டை போய்ச் சேர்ந்தபோது ஒரு கையில் அடங்குகிற அளவுக்குத்தான் கீறல் முட்டை. பேக்கரிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்று ஏமாற்றமாகக் கேட்டார். கேக் ஆர்டர் வந்திருந்ததாம்.

வீட்டுக்காரரிடம் பட்டை சரியில்லை, மாற்றினோம் என்று மட்டும் சொன்னேன். நாமக்கல்காரர் தீவனத்தைத் திருத்தியதில் ஓடு கெட்டியாகிவிட்டது என்றே அவர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் மறுக்கவில்லை.

கொழுந்தன் என்னிடம் கொஞ்ச காலம் அளவாகத்தான் பேசினான். சாப்பிட வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போவான். பப்ஸ் வாங்கி வருவது நின்றுபோயிற்று. எனக்கு அது உறுத்தியது. ஆனால் அவனிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு காலை, குடோன் வாசலில் எஞ்சினை அணைக்காமல் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்.

"அண்ணி, வலதுபக்கம் பின்னாடி ஒரு சத்தம் வருது. நேத்துலேர்ந்து. இன்னான்னு எனக்குப் புரியல. நீங்களும் வந்து கேளுங்க."

கையைத் துடைத்துக்கொண்டு போய் வண்டியில் ஏறினேன். அவன் தெருவில் மெதுவாக ஓட்டினான். இரண்டு பேரும் தலையைச் சாய்த்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனோம்.